உன் மகனுக்கு எந்தக் கன்சோல்?

அன்புள்ள ராகவா,

நலம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை எடுத்தபின் திரைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை என்னால் முடிந்த அளவுக்குக் கேட்டேன். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. அக்காவின் மூட்டுவலி குறைந்தது பற்றி எழுதியிருந்தாய், நிம்மதி.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். சோனியின் விளையாட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 2-க்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு எழுத ஆசைப்படுகிறான், அதற்கென்று சோனியே லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பெட்டியாக விற்றதாமே, பழைய பொருள் கடையில் தேடலாமா என்று கேட்டிருக்கிறாய். தேடினால் கிடைக்கும். ஆனால் வாங்காதே. காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

நான் இங்கிலாந்தில் வேலையில் இருந்தபோது அதை வாங்கியவன்தான். 2002 மே மாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. அமெரிக்காவில் விலை 199 டாலர். பெட்டிக்குள் 40 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் அடாப்டர், கீபோர்டு, மவுஸ், மானிட்டருக்கான கேபிள், இரண்டு டிவிடி. எல்லா மானிட்டரும் அதற்கு ஒத்துவராது. படத்தின் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று மானிட்டருக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பைப் பச்சை நிறச் சிக்னலோடு கலந்து அனுப்பும் கன்சோல் அது. அதைப் பிரித்தறியத் தெரிந்த மானிட்டர் வேண்டும். என்னுடையதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முதல் டிவிடியைப் போட்டே ஆக வேண்டும்.

இருந்தாலும் அந்த நாள்களை நான் குறை சொல்ல மாட்டேன். கன்சோலின் முதன்மைச் செயலியான எமோஷன் எஞ்சின், படம் வரையும் கிராஃபிக்ஸ் சிந்தசைசர் ஆகிய இரண்டு சில்லுகளின் கையேடுகளும் அந்த டிவிடியிலேயே இருந்தன. தொழில்முறை நிறுவனங்கள் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டு உருவாக்கும் கருவியோடு மட்டும் கிடைக்கும் சங்கதிகள், வீட்டு மேசையில் கிடந்தன. அந்தக் கையேட்டைப் படித்த பிறகுதான் நினைவகம் என்றால் என்ன விலை என்பது எனக்குப் புரிந்தது. கிராஃபிக்ஸ் சில்லுக்குள் இருப்பது 4 மெகாபைட். 640-க்கு 448 புள்ளி என்ற அளவில், 32 பிட் (புள்ளிக்கு 4 பைட்) வண்ணத்தில், ஒரு திரைப்படிமத்துக்கு மட்டும் 11,46,880 பைட் போய்விடும். திரையில் தெரிவதற்கு ஒன்று, பின்னால் வரைந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, எது முன்னால் எது பின்னால் என்ற ஆழக் கணக்குக்கு ஒன்று. மூன்றும் போக முக்கால் மெகாபைட்கூட மிஞ்சாது. சுவர், மரம், முகம், எழுத்து எல்லாவற்றின் டெக்ஸ்சரும், அதாவது மேலே ஒட்டும் படமும், அதற்குள்தான். 256-க்கு 256 படத்தை 16 வண்ணத்துக்குச் சுருக்கினால் 32 கிலோபைட்டில் அடங்கும். அதையும் தேவைப்படும் கணத்தில் முதன்மை நினைவகத்திலிருந்து அனுப்பி, வரைந்து முடித்ததும் அதே இடத்தில் அடுத்ததை இறக்க வேண்டும். கஞ்சத்தனத்தை ஒரு கலையாகக் கற்றேன் என்றே சொல்வேன்.

இவ்வளவும் கொடுத்த சோனி, வீட்டை வாடகைக்கு விட்டுச் சமையலறையை மட்டும் பூட்டி வைத்தது போல, உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் இன்னொரு செயலியை யாரும் தொடாதபடி மறைத்துக்கொண்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீ எழுதிய விளையாட்டு, அதே லினக்ஸ் பெட்டியை வாங்கியவன் வீட்டில் மட்டும்தான் ஓடும் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தை மகனிடம் காட்டக்கூட முடியாத விளையாட்டை யாருக்காக எழுதுவது?

பிளேஸ்டேஷன் 3 கதை இன்னும் மோசம். 2006-இல் வந்தபோது லினக்ஸ் நிறுவ அனுமதி இருந்தது, ஆனால் கிராஃபிக்ஸ் சில்லின் முப்பரிமாணத் திறன் லினக்ஸுக்கு எட்டாதபடி தடுக்கப்பட்டிருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று, நாளைப் பார், 3.21 என்ற மென்பொருள் புதுப்பிப்பில் அந்த அனுமதியையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வசதி, வாங்கியவனைக் கேட்காமலே போயிற்று. நிறுவனம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சுதந்திரத்தின் மேல் எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கன்சோல் ஒன்றைத் தேடு. 2001 மார்ச்சிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய காலிஸ்டி ஓ.எஸ். என்ற இயங்குதளம் இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேகன் பாட்டர் தொடங்கியது, மூல நிரல் முழுவதும் திறந்தது. கட்டளை தட்டிக் காத்திருக்கும் இயங்குதளம் இல்லை அது. உன் விளையாட்டோடு சேர்த்தே தொகுக்கப்பட்டு (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு), ஒரே கோப்பாகக் கன்சோலில் ஏறிவிடும். மில்-சிடி என்று இசைத் தட்டுகளுக்காகச் சேகா வைத்த ஒரு வசதியின் வழியே, சாதாரணமாக எழுதிய சிடியிலிருந்தே அது தொடங்கும். கன்சோலில் எதையும் கழற்ற வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். பிற்காலத்தில் வந்த சில ட்ரீம்காஸ்ட்டுகளில் மட்டும் அந்த வசதி நீக்கப்பட்டிருக்கும், வாங்குமுன் சோதித்துக்கொள்.

வேலை செய்யும் சுகமே தனி. ஒரு கேபிளால் கணினியோடு இணைத்துவிட்டால், தொகுத்த நிரல் நேரே கன்சோலுக்குப் போய் டிவியில் ஓடும். நிரல் அச்சிடும் பிழைச் செய்தி கணினித் திரையில் வந்து விழும். கணினியில் இருக்கும் படக் கோப்பைக்கூட அது அங்கிருந்தே திறந்து படிக்கும். அந்தச் சீரியல் கேபிளை நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வைத்தால் ஒரு மெகாபைட் ஏற ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் என் காபி ஆறும். முதன்மை நினைவகம் 16 மெகாபைட், படத்துக்கு 8. ட்ரீம்காஸ்ட்டின் கிராஃபிக்ஸ் சில்லு திரையை 32-க்கு 32 புள்ளிக் கட்டங்களாக வெட்டி ஆழக் கணக்கைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்வதால், அதற்கென்று நினைவகம் ஒதுக்க வேண்டியதில்லை. முக்கால் மெகாபைட்டில் குடித்தனம் நடத்தியவனுக்கு அது அரண்மனை.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி நகரும் கணக்குக்கு ட்ரீம்காஸ்ட்டின் 200 மெகாஹெர்ட்ஸ் செயலி தாராளம். படுத்தியது தமிழ்தான். கன்சோலுக்குள் ஆங்கிலமும் ஜப்பானியமும் இருக்கின்றன, தமிழ் எழுத்துரு இல்லை. ‘கொ’ என்று எழுதக் கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, நடுவில் ககரத்தைச் செருக வேண்டும். அதற்கொரு தனி நிரல் எழுத உட்கார்ந்து, பிறகு ‘உன் முறை’, ‘புலி அடைபட்டது’ என்று வேண்டிய வாசகங்களைக் கணினியிலேயே படமாக்கி ஏற்றிவிட்டேன். மொத்தமே இருபது வாசகம், அதற்கு எதற்கு இலக்கணம்!

மகனுக்குப் பிளேஸ்டேஷன் 2 மேல்தான் மனம் என்றால் தடுக்காதே. அதற்கும் ஆர்வலர்கள் கட்டிய பிஎஸ்2 எஸ்டிகே என்ற நிரல் எழுதும் கருவித் தொகுப்பு இருக்கிறது. மெமரி கார்டில் ஒரு சிறு மென்பொருளைப் போட்டால் சொந்த நிரல் ஓடும், சோனி பூட்டி வைத்த அந்தச் செயலிக்கும் நிரல் எழுதலாம். சி மொழி தெரியுமா என்று கேள். நினைவக முகவரியைக் காட்டும் சுட்டிகளில் (pointers) தடுமாறினால் முதலில் கணினியிலேயே முன்மாதிரியை எழுதிப் பழகட்டும்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். என்னிடம் ட்ரீம்காஸ்ட் இரண்டு இருக்கின்றன, ஒன்றைக் கொண்டுவருகிறேன். உன் வீட்டு டிவியின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் உண்டா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் அதற்கு வேறு கேபிள் வாங்க வேண்டும்.

அன்புடன்,
சிவா