குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலப்பதை நிறுத்தக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
அம்மன் கோயில் தெரு மற்றும் அதன் இரு குறுக்குத் தெருக்களின் குடியிருப்போர்,
வட சென்னை.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
பகுதி அலுவலகம்,
வட சென்னை.

பொருள்: குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலத்தல் – சட்டமன்ற உறுப்பினர் நேரில் பார்வையிட்டு முதல் முன்னுரிமை என அறிவித்த பின்னரும் குழாய் மாற்றத்துக்கான செலவு மதிப்பீடு தயாரிக்கப்படாமை – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: சித்திரை மாதம் தங்கள் அலுவலகத்தில் நேரில் அளித்த மனு, ஆனி மாதம் ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்பிய மனு, ஆடி மாதம் சட்டமன்ற உறுப்பினர் முன்னிலையில் தங்கள் கையிலேயே கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் இன்றுவரை எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ பதில் கிடைக்காத நிலையில், இந்த நான்காவது மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். எங்கள் தெரு தங்களுக்குப் புதிது அல்ல. கழிவுநீர் உந்து நிலையத்திலிருந்து கோயில் வரை வரும் தெருவில், ரேஷன் கடைக்கு எதிரே எப்போதும் பொங்கி வழியும் மேன்ஹோலுக்குப் பக்கத்தில்தான் ஆடி மாதம் தங்கள் ஜீப் நின்றது. ஆகவே இடத்தை விளக்காமல் நேரடியாக விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் தெருக்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை குடிநீர் விடப்படுகிறது. நேரத்தைப் பற்றியோ அளவைப் பற்றியோ எங்களுக்கு முறையீடு இல்லை. 2019ஆம் ஆண்டு கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரிக்காக இரவெல்லாம் குடத்தோடு காத்திருந்தவர்கள் நாங்கள். பற்றாக்குறையைப் பொறுத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

2. வருகிற தண்ணீர் சாக்கடை வாடையுடன் வருகிறது. இதுதான் எங்கள் முறையீடு.

3. இதற்கான காரணத்தைத் தாங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். தெருவின் ஒரே பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் அதை ஒட்டினாற்போல் பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாயும் செல்கின்றன. தண்ணீர் விடாத நாளில் குடிநீர்க் குழாய் காலியாகக் கிடக்க, அடைப்பினால் மண்ணுக்குள் தேங்கிய கழிவுநீர் துருப்பிடித்த மூட்டுகள் வழியே அதற்குள் இறங்குகிறது. மறுநாள் அழுத்தம் குறைந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அடிபம்பை அடிக்கிறோம். சிலர் மோட்டாரும் போடுகிறார்கள். (மோட்டார் போடுவது தவறு என்று தெருக் கூட்டத்தில் நாங்களே கண்டித்திருக்கிறோம்.) அந்த உறிஞ்சலில் சுற்றியுள்ள அழுக்கெல்லாம் குழாய்க்குள் இழுபட்டு வந்துவிடுகிறது.

இம்மனுவை எழுதும் என் வீட்டில் எழுபத்திரண்டு வயதான என் மாமியார்தான் விடியற்காலை எழுந்து தண்ணீர் அடிக்கிறார். அவர் அடிகளை எண்ணுவார். தை மாதம் இருபது அடியில் தண்ணீர் தெளிந்தது. சித்திரையில் அறுபது ஆயிற்று. இப்போது இருநூறு அடித்தாலும் வாடை போவதில்லை. பழைய வேட்டியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுகிறார்; கட்டை அவிழ்த்தால் துணியின் நடுவில் கறுப்பு நூல் பிரிந்தாற்போல் கசடு ஒட்டியிருக்கிறது. அந்தத் துணியை அலசுவதற்கும் அதே தண்ணீர்தான் இருக்கிறது, ஐயா.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் வயிற்றுப்போக்கால் இந்தப் பருவத்தில் மட்டும் பத்தொன்பது நாள் பள்ளிக்குப் போகவில்லை. எதிர் வரிசையில் இரண்டு வீடுகளில் டைபாய்டு. காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார் மருத்துவர்; காய்ச்சுகிறோம், கிருமி சாகலாம், நாற்றம் அப்படியே இருக்கிறது, சிலிண்டர் வழக்கத்துக்கு முன்பே தீர்ந்துபோகிறது. வேறு வழியின்றி 20 லிட்டர் கேன் ஒன்றை 40 ரூபாய்க்கு நாள்தோறும் வாங்குகிறோம். மாதத்துக்கு 1,200 ரூபாய். வீட்டு வேலை செய்தும் மீன் விற்றும் மூட்டை தூக்கியும் வாழும் குடும்பங்களுக்கு இது சிறு தொகை அல்ல. அரசு மாதந்தோறும் பெண்களின் கணக்கில் செலுத்தும் 1,000 ரூபாய் உரிமைத் தொகை முழுவதும் கேன்காரரிடம் போய்ச் சேருகிறது, அதற்கு மேலும் 200 ரூபாய் கையிலிருந்து போடுகிறோம்.

குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தின்படி 100 மில்லி நீரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது. குழாய் முனையில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குளோரின் பார்க்க வந்த ஊழியர் எங்கள் கண் முன்னே தண்ணீரில் சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் வர வேண்டிய மஞ்சள் நிறம் தெரியவேயில்லை. நோட்டில் அவர் என்ன எழுதினார் என்பதை எங்களுக்குக் காட்டவில்லை. அதைத் தாங்கள் பார்த்தீர்களா?

4. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஐந்து மாதங்களில் மூன்று முறை எங்கள் தெருவுக்கு வந்தார். வைகாசியில் தெருமுனையில் நின்று, தொகுதிக்குத் தாம் எடுத்துக்கொண்டிருக்கும் வேலைகளைச் சொன்னார். பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை, மயானத்துக்குச் சுற்றுச்சுவர், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் முன்னால் குடிநீர்க் குழாய் மாற்றத்தைச் சொன்னார். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்க வேண்டும் என்று முதலமைச்சர் கடிதம் எழுதியபோது எங்கள் குழாய் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை, ஏனெனில் அன்று இந்த நாற்றம் இல்லை. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் வேலைகள் நடப்பதைப் பார்த்து மகிழ்கிறோம். அவற்றில் எங்கள் மூன்று தெருக்களும் வரவில்லை. ஆகவே இந்த முன்னுரிமை ஒன்றுதான் எங்களுக்கு வாய்த்த வழி.

ஆடி மாதம் கோயிலில் கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டாம் முறை வந்தார், தாங்களும் உடன் வந்தீர்கள். அன்று கூழ் காய்ச்ச முப்பது கேன் தண்ணீர் விலைக்கு வாங்கியிருந்தோம். அம்மனுக்குப் படைக்கும் கூழுக்குத் தெருத் தண்ணீரை ஊற்ற எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. அன்று விடியற்காலை பிடித்த தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் கொடுத்தோம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, தங்கள் கையில் கொடுத்தார். தாங்களும் முகர்ந்தீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் தருவதாகவும் பதினைந்து நாளில் மதிப்பீடு வேண்டும் என்றும் அவர் கூறியதற்கு, “செய்துவிடலாம்” என்று தாங்கள் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னீர்கள்.

புரட்டாசியில் மகளிர் சுயஉதவிக் குழுவினரைச் சந்திக்க மூன்றாம் முறை வந்தபோது மதிப்பீடு வந்ததா என்று அவரே தம் உதவியாளரிடம் கேட்டார். வரவில்லை. ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் என்பது தொகுதி முழுவதற்குமான நிதி. நிதியாண்டு முடிவதற்குள் வேறு வேலைகளுக்கு அது ஒதுக்கப்பட்டுவிட்டால் எங்கள் தெருவுக்கு என்ன மிஞ்சும்? மதிப்பீடு இல்லாமல் அவர் பரிந்துரைக்க முடியாது, நிர்வாக ஒப்புதல் கிடைக்காது, டெண்டர் விட முடியாது. பணம் தருகிறேன் என்கிறவர் இருக்கிறார், தண்ணீர் இல்லாதவர்கள் இருக்கிறோம், நடுவில் நிற்பது தங்கள் மேசையில் எழுதப்படாத ஒரு தாள். மூன்று தெருக்களின் நீளத்தை அளந்து கணக்குப் போட ஐயா அவர்களுக்கு எத்தனை மாதம் வேண்டும்? அளவு நாடாவைப் பிடிக்க ஆள் இல்லை என்றால் எங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம். ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போங்கள்.

5. பொதுமக்களின் மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் அளிக்க வேண்டும் என்பது 21.09.2015 நாளிட்ட அரசாணை எண் 99. தர முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று மனுக்களுக்கும் ஒரு வரிகூட வரவில்லை. நாங்கள் எழுதியதை யாராவது பிரித்துப் படித்தார்களா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

6. ஐப்பசி பிறக்கப்போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கித் தெருவில் முழங்கால் நீர் நின்றால் மழைநீரும் கழிவுநீரும் அந்த ஓட்டைக் குழாய்க்குள்தான் இறங்கும். அதற்கு முன் ரேஷன் கடை எதிரே உள்ள அடைப்பை இயந்திரம் கொண்டு எடுத்துவிடுங்கள். குழாய் மாற்றும் வரை லாரி மூலம் நல்ல தண்ணீர் கொடுங்கள். மூன்று தெருக்களிலும் நீர் மாதிரி எடுத்துப் பரிசோதித்து முடிவை எங்களுக்கும் தெரிவியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மதிப்பீட்டைத் தயாரித்து அனுப்பிவைக்குமாறு மீண்டும் தாழ்மையுடன் வேண்டுகிறோம். மதிப்பீட்டை அனுப்பிவிடுங்கள், ஐயா.

வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் விடும்போது தாங்களோ தங்கள் பிரிவின் பொறுப்பான அலுவலர் ஒருவரோ நேரில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பம்பை நாங்கள் அடிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று தெருக்களின் குடியிருப்போர் சார்பில் மனுதாரர்.

இணைப்பு: 87 குடும்பத்தலைவிகளின் கையொப்பங்கள் மற்றும் கைரேகைகள், நாள் குறித்த தண்ணீர்ப் பாட்டில்களின் புகைப்படங்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.

நகல்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் தகவலுக்காக.