ரோம், கி.மு. 242: நான்கு கப்பலுக்கு இன்னும் 3 பங்கு வேண்டும்

யூப்பிட்டர் துணை

பெரியோர்களே, அண்டை வீட்டாரே,

ஆப்பிரிக்கக் கரையின் கார்த்தேஜுடன் போர் தொடங்கி 22 ஆண்டாகிறது. கருவூலம் காலி. ஆகவே இம்முறை 200 குவின்குவெரீம் போர்க்கப்பல்களையும் குடிமக்களே கட்டித் தர வேண்டும். வசதியுள்ளவர் தனியாக ஒரு கப்பல். மற்றவர்கள் இருவராகவோ மூவராகவோ சேர்ந்து ஒரு கப்பல். நம் பகுதி 4 கப்பல்களை ஏற்றது. மொத்தம் 12 பங்கு. வந்தது 9. நான்காவது கப்பலுக்கு மரம்கூட வாங்கவில்லை. கோடை பிறந்ததும் இவ்வாண்டின் தலைமை ஆட்சியாளரான கான்சல் கையஸ் லுட்டேஷியஸ் கட்டுலஸ் சிசிலிக்குப் புறப்படுகிறார்.

18 ஆண்டுக்கு முன் 100 குவின்குவெரீம், மூன்று வரிசைத் துடுப்புள்ள 20 ட்ரைரீம் கட்டிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மரம் வெட்டிய நாளிலிருந்து 60 நாளில் முடித்தார்கள். கப்பல் தயாராகும்வரை துடுப்பாளர்களைத் தரையிலேயே பலகையில் உட்காரவைத்து, குரலுக்கு ஒன்றாகச் சாயவும் இழுக்கவும் பழக்கினார்கள். சிசிலியின் மைலே கடற்போரில் கான்சல் டுயிலியஸ் வென்றார். பிடித்த கப்பல்களின் முன்மூக்கு இடிமுனைகள் பதித்த தூணை நகரச் சதுக்கமான ஃபோரத்தில் தினமும் பார்க்கிறோம்.

பிறகு பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். ஓரியன் விண்மீன் கூட்டம் உதிக்கும் காலத்துக்கும் சிரியஸ் விண்மீன் உதிக்கும் காலத்துக்கும் நடுவே சிசிலியின் தென்கரையோரம் போக வேண்டாம் என்று மாலுமிகள் சொன்னார்கள், தலைவர்கள் கேட்கவில்லை. கமரினா அருகே புயலில் சிக்கிய 364 கப்பல்களில் 80தான் மிஞ்சின. ட்ரெப்பனா கடற்போரில் 93 கப்பல்கள் எதிரி கைக்குப் போயின. நம் கப்பல்கள் கனம், துடுப்பாளர்கள் புதியவர்கள், முதுகுக்குப் பின்னால் கரை. பின்வாங்கவும் இடமில்லை, எதிரி வரிசையை ஊடுருவித் திரும்பவும் வேகமில்லை.

அதனால்தான் இந்த 200 கப்பலுக்கும் மாதிரி வேறு. சிசிலியில் கார்த்தேஜின் கோட்டையான லிலிபேயத்தை நாம் முற்றுகையிட்டபோது, நம் கண்ணெதிரே போய்வந்துகொண்டிருந்த கார்த்தேஜ் மாலுமி ரோடியன் ஹன்னிபாலின் கப்பல் இப்போது நம்மிடம் இருக்கிறது. அதன் அளவிலிருந்து தச்சர்கள் விலகக்கூடாது. பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, துளையில் கழுந்து எனும் மர நாக்கை இறக்கி, குறுக்கே மர ஆணி அடிக்க வேண்டும். துளை நேர் தப்பினால் இணைப்பு பொருந்தாது, நீர் கசியும். நீர் ஏறிய கப்பல் திரும்பாது. மலிவு மரமும் அரைகுறைத் தச்சரும் வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். மேலே கீல் பூச்சு, பிறகு பாய், கயிறு, துடுப்பு. வெண்கல இடிமுனை ஒரே வார்ப்பு. முன்மூக்கு மரத்தை அளந்த பிறகே வார்க்க முடியும். கடைசிப் பங்கு தாமதமானால், மற்றதெல்லாம் முடிந்தும் கப்பல் கரையில்தான் நிற்கும். ஒரு கப்பலை நம்பி 300 துடுப்பாளர், 120 வீரர்.

கொடுத்தவர்களை மறக்கவில்லை. நம்மிடம் ஒரு போர்க்கப்பல்கூட இல்லாத காலத்தில், சிசிலியின் மெசானாவுக்குக் கடல் தாண்ட ஐம்பது துடுப்பு கொண்ட படகுகளும் ட்ரைரீம்களும் தந்தவர்கள் தரெந்தும், லோக்ரி, எலேயா, நெயப்போலிஸ் நகரத்தார். கமரினாவில் கரையேறிய நம் பிள்ளைகளுக்கு உடுக்கத் துணியும் உண்ண உணவும் தந்து மெசானா வரை சேர்ப்பித்தவர் சிராகூஸ் மன்னர் ஹியரோ. வேற்றூரார் இவர்கள். நம் 9 பங்குதாரர்களுக்கும் தலை வணங்குகிறோம். முதல் பங்கைத் தந்தவர் அதே கடலில் மகனைப் பறிகொடுத்தவர்.

4 ஆண்டுக்கு முன் தெருக்கூட்டத்தில் நெரிபட்ட க்ளாடியா, ட்ரெப்பனாவில் தோற்ற தன் சகோதரன் உயிரோடிருந்து இன்னொரு கடற்படையைத் தொலைத்தால் கூட்டம் குறையும் என்றாள். அந்தச் சொல்லுக்கு 25,000 ஆஸ் வெண்கலக் காசு அபராதம். சொன்னவளைத் தண்டித்த ஊரில், இருந்தும் கொடுக்காதவர் எந்த முகத்தோடு ஃபோரத்துக்கு வருவார்?

போர் வென்றால் அரசு செலவைத் திருப்பித் தரும். தோற்றால் பணம் போனதுதான். அதையும் அறிந்தே கேட்கிறோம். புறப்படும் முன் நகரின் கபேனா வாசலருகே புயல் தெய்வங்களின் கோயிலில் 12 பங்குதாரர் பேரிலும் பலி நடக்கும். 3 பங்கும் இந்த மாத முடிவுக்குள் வர வேண்டும். வேலைக்கு 60 நாள் பிடிக்கும். முழுப் பங்கு முடியாதவர் இருவராகச் சேர்ந்தும் ஒரு பங்கு ஏற்கலாம்.

இப்படிக்கு,
நான்கு கப்பல் குழுவினர்