மெனோபாஸ் கட்டுரையில் அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளிர் இணைப்பில் மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிற்கும் பருவம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். "இது இயற்கை, பொறுமையும் யோகாவும் இருந்தால் தானாகக் கடந்துபோகும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவர் எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நின்று நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டியவராக இருக்க முடியாது.

நான் நின்றிருக்கிறேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நெஞ்சிலிருந்து கழுத்து, காது, முகம் என்று சூடு ஏறி ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் அதே உடம்பு குளிரில் நடுங்கும். ராத்திரியில் தலையணை நனைந்து தூக்கம் கலைந்தால் அப்புறம் விடியும் வரை தூக்கம் கிடையாது. மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே, சில மாதம் வராமல் இருந்து வரும்போது கொட்டித் தீர்க்கும். அந்த நாட்களில் பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் என் மகன் வயசுப் பையன். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் வேலை பார்த்த கடைக்கும் ஸ்டூல் வந்தது, வாடிக்கையாளர் எதிரே யாரும் உட்காரக்கூடாது என்ற உத்தரவும் கூடவே வந்தது. இதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதுவார்களா என்று அன்றைக்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இயற்கைதான், நான் மறுக்கவில்லை. சினைப்பையில் முட்டைகள் தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறது, அதனால் மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் பகுதி சின்ன மாற்றத்துக்கே பதறி வேர்க்க வைக்கிறது. எங்களுக்கு மனசு திடம் போதாததால் வருவதில்லை இது. பிரசவமும் இயற்கைதானே, அதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எழுதுவீர்களா?

என் அக்காவின் கதையைச் சொன்னால் என் கோபம் உங்களுக்குப் புரியும். அதிக ரத்தப்போக்கு என்று போனவளுக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் மெல்ல வருவது அவளுக்கு ஒரே வாரத்தில் வந்தது. அந்த வயதில் சினைப்பையை எடுத்தால், உடம்பு இடம் கொடுக்கும் பட்சத்தில், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் மருந்து தருவதுதான் முறை என்று வேறொரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பல வருஷம் போய், பஸ் ஸ்டாண்டில் தடுக்கி விழுந்து அவள் மணிக்கட்டு உடைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் போனால் எலும்பு வேகமாகத் தேயும் என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கியவர்கள் சொல்லவில்லை.

ஹார்மோன் மருந்து என்றாலே புற்றுநோய் என்று உங்கள் கட்டுரையும் பயமுறுத்துகிறது. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பிய பயம் அது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருப்பவர்கள், மாதவிலக்கு நின்று பத்து வருஷம் ஆகாதவர்கள், வேறு பெரிய நோய் இல்லாதவர்கள் என்றால் பெரும்பாலும் ஆபத்தைவிடப் பலன்தான் அதிகம் என்று பின்னால் தெளிவாகிவிட்டது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் நோய் உள்ளவர்கள் எடுக்கக்கூடாது, கர்ப்பப்பை இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தர வேண்டும், இதையெல்லாம் டாக்டர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எடை தூக்கிச் செய்யும் உடற்பயிற்சி எல்லாம் எலும்புக்கு நல்லதுதான், யோகாவையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு முடித்துக்கொண்டீர்களே.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் இன்னும் வலிக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டது. வீட்டில் எல்லோரும் அவளுக்கு வயசு திரும்பிவிட்டது என்று சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். கடைசியில் பரிசோதித்தபோது கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய். இப்போது சிகிச்சை நடக்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் மெனோபாஸ், அதற்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? முழுப்பக்கத்தில் பொறுமைக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு எங்கள் தெருவில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதற்கு நன்றி சொல்கிறோம். வருகிற அம்மாவிடம் ராத்திரி வேர்ப்பதைச் சொன்னால் அவருக்கு அதைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் இல்லை. வயசுக்கு வந்தால் ஊரைக் கூட்டி சடங்கு நடத்துகிற நம்மிடம், நிற்கும்போது கேட்க ஓர் ஆள் இல்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வார இணைப்பில் ஒரு மகளிர் மருத்துவரைக் கேட்டு, நின்றபின் வரும் ரத்தப்போக்கு பற்றியும், சிகிச்சை உண்டு என்பது பற்றியும் நாலு வரி போடுங்கள். படம் வேண்டாம், பெரிய எழுத்தில் இருந்தால் போதும், காசிமேட்டில் நானே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை