பியட்டின் பானெட்டுக்கு அடியில் எந்த பெயிண்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றிப் போன ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்தியது. இன்ஜின் இருக்கும் பகுதி முழுவதற்கும் சூடு தாங்கும் பெயிண்டை அடித்துவிடுவது நல்லது என்று அதில் எழுதியிருந்தார்கள். அதே யோசனையைக் கேட்டு ஒரு தடவை காசை விட்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் 1971-ம் வருடத்து பியட் ஒன்று நிற்கிறது. காங்கேயத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வாங்கி ஓட்டியது. அவருக்குப் பிறகு அம்மா வழியாக எங்களிடம் வந்துவிட்டது. நான் கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பம்பு வார்ப்புக்குப் பெயிண்ட் அடித்துப் பழக்கம் உண்டே தவிர, கார் வேலை தெரியாது. 2009-ல் வண்டியை ஒரு பட்டறையில் விட்டபோது பட்டறைக்காரர் சொன்னார்: "ஏனுங்ண்ணா, இன்ஜின் பக்கம் சூடு சாஸ்தியுங்க. பூராவும் சில்வர் ஹீட் பெயிண்ட் அடிச்சுரலாமுங்க. அப்புறம் அதைத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். வண்டி வந்தபோது பானெட்டைத் திறந்தால் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து கார்புரேட்டரைக் கழற்றும்போது நாலு சொட்டு பெட்ரோல் சிந்தியது. துணியால் துடைத்தேன். துணி முழுக்க வெள்ளி. தகட்டில் அடியில் பூசியிருந்த ரெட் ஆக்சைடு பிரைமர் பல்லைக் காட்டியது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. அந்த மாதிரி சூடு தாங்கும் சிலிகோன் பெயிண்ட் சுமார் 200 டிகிரி சூட்டைப் பார்த்தால்தான் முழுசாக இறுகும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு அதைவிட அதிகமாகவே சூடாகிறது. அங்கே அடித்தால் சரி, அதுவும் பிரைமர் இல்லாமல் வெறும் இரும்பின் மேல். ஆனால் சுற்றியுள்ள பக்கத் தகடுகளும், டேஷ்போர்டுக்கு முன்னால் நிற்கும் தகடும் 100 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். அங்கே அந்தப் பெயிண்ட் வேகாத வடை மாதிரிதான், மேலே பார்க்க நன்றாக இருக்கும். கார் கம்பெனிகளில் பாடிக்கு அடித்த பெயிண்டைச் சுமார் 140 டிகிரி அடுப்பில் வைத்துத்தான் காய வைக்கிறார்கள். பானெட்டுக்கு அடியில் வரும் சூட்டைப் பார்த்து நல்ல கார் பெயிண்ட் எதுவும் பயப்படாது.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? பிரேக் ஆயிலும், பேட்டரி ஆசிடும், தகட்டில் 50 வருடமாக ஊறிக் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்.

இரண்டாவது தடவை வேலையைத் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை செய்தேன். பழைய பிஸ்கட் டின் மூடியில் மூன்று பட்டை: ஒன்று கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் சிந்தெடிக் எனாமல், ஒன்று சீக்கிரம் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், ஒன்று இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பி.யு. (பாலியூரித்தேன்). பத்து நாள் நிழலில் காய விட்டு, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சொட்டு பிரேக் ஆயில் விட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எனாமல் காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. என்.சி. குழைந்து விரலோடு வந்தது. பி.யு. அப்படியே இருந்தது. அதற்காக அதுவும் சாகாவரம் பெற்றது இல்லை. ராத்திரி முழுக்க ஆயிலை விட்டுவைத்தால் லேசாக இளகத்தான் செய்யும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஆனால் மூன்றில் எது என்று கேட்டால் எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தகட்டோடு ஒட்ட அடியில் எபாக்சி பிரைமர், அதன் மேல் பி.யு. கழற்றக்கூடிய பேட்டரி தட்டு, பிராக்கெட்டுகளைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் அதற்கு யூனிட்டுகளுக்கா பஞ்சம்? ரேடியேட்டருக்குப் பேருக்கு ஒரு மெல்லிய கருப்பு போதும். கனமாக அடித்தால் சூடு வெளியே போகாது.

பெயிண்டைவிட நாள் பிடித்தது சுத்தம் செய்யும் வேலைதான். டீசல் ஊற்றித் தேய்த்தால் பிசுக்கு போகும், ஆனால் டீசலே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, காய வைத்து, தின்னரில் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்தேன். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது, ஆனால் வெள்ளையாகப் பொறுக்கி வாங்குங்கள். கலர் துணியில் தின்னர் பட்டால் சாயம் இறங்கி, அழுக்கு போனதா சாயம் வந்ததா என்றே தெரியாது. துடைத்த துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை ஸ்ப்ரே கன்னைத் தொடக்கூடாது.

நிறம் எது என்ற சந்தேகத்தைக் காரே தீர்த்து வைத்தது. முன் தகட்டில் திருகியிருந்த கம்பெனி பிளேட்டைக் கழற்றினால், அதன் அடியில் தீப்பெட்டி அகலத்துக்கு, வெயிலோ புகையோ படாத வெளிர் நீலம். அப்புச்சி அந்தக் காரை முதன்முதலாக எந்த நிறத்தில் பார்த்தாரோ அந்த நிறம். அந்தத் துண்டைக் காட்டித்தான் பெயிண்ட் கலக்கச் சொன்னேன். பியட்டின் பானெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம்தான், வெள்ளியும் கருப்பும் நாமாகச் சேர்த்துக்கொண்டது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பும் வேண்டாம்.

இன்னொன்று, வண்டியின் அடையாளமான சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டியும் கனமான பெயிண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்க்கும் பென்சில் பிரிண்ட் எடுக்க வராமல் திண்டாடியவர்கள் உண்டு. 50 வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதில் நிபந்தனை. ஆக, இன்ஜின் பகுதியைப் பழையபடியே வைத்திருப்பதில் லாபமும் இருக்கிறது.

நம் பக்கத்துக் காலநிலை பற்றியும் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் கதவைச் சாத்தி வைத்தாலும் தூசி பெயிண்டில் வந்து உட்காரும். ஐப்பசி ஈரத்தில் என்.சி. வெளுத்துப்போகும். சித்திரை வெயிலில் கன்னில் இருந்து கிளம்பும் பெயிண்ட் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். தை, மாசிதான் தோது.

பெயிண்டர் பையன் முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு கன்னைத் தூக்கியபோது நான் நிறுத்திவிட்டேன். பி.யு. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவையே கொண்டுவரும். துணி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடியை ஒரு நண்பரின் பட்டறையில் இரவல் வாங்கி வந்து மாட்டிவிட்டேன். "இதெல்லாம் எதுக்குங்க சார்" என்று சிரித்தான். ஆனால் மாட்டிக்கொண்டான்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம், அதிலும் கோளாறு இல்லை. அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், பேட்டரியின் எர்த் ஒயர் மாட்டும் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம், கரண்ட் போக வழியில்லை. 2009-ல் அடித்த பெயிண்ட் துணியோடு உரிந்து வந்தது, இந்தத் தடவை அடித்ததோ எமரி பேப்பருக்கே லேசில் அசைந்து கொடுக்கவில்லை. ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி இரும்பைக் காட்டிய பிறகுதான் வண்டி உறுமியது.

கட்டுரையைப் படித்துவிட்டு என் மச்சான் நேற்று ஈரோட்டில் இருந்து போன் செய்து, அவருடைய அம்பாசடருக்கு எத்தனை டப்பா ஹீட் பெயிண்ட் வேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போட்டீர்கள் என்றால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.