4கே டிஸ்க் எடுக்கலாமா, வேண்டாமா? எங்கட வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை ஒரு அக்கா புதுசா 55 இஞ்ச் 4கே டீவி எடுத்துட்டு அடுத்த நாளே கடைக்கு வந்து "தம்பி, டீவிக்கு ஏத்த மாதிரி 4கே டிஸ்க் ஒரு பத்து தாங்க" எண்டு கேட்டா. வீட்டில என்ன பிளேயர் இருக்கு எண்டு கேட்டன், 2009ல வாங்கின டிவிடி பிளேயர் எண்டா. அதுக்குள்ள 4கே டிஸ்க்கப் போட்டா கொஞ்சம் சுத்திட்டு வெளியில தள்ளிவிடும், டிவிடிக்குப் பிறகு வந்த சாதாரண ப்ளூரே பிளேயரிலயும் ஓடாது, அதுக்கெண்டே தனி பிளேயர் வேணும் எண்டு சொன்னதும் அக்காட முகம் வாடிட்டு. இதே கேள்வியோட இப்ப நிறைய பேர் வாறீங்க, வட்ஸ்அப்பிலயும் கேக்குறீங்க, கவுண்டர்ல நிண்டு ஒவ்வொருத்தருக்கும் முழுசா விளங்கப்படுத்த நேரம் காணாது, அதால தான் இந்த மடல்.

என்ட அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடுறன். 4கே எண்டா படத்தில இருக்கிற சின்னச் சின்னப் புள்ளி ப்ளூரேய விட நாலு மடங்கு. 4கே டிஸ்க் நல்ல சாமான், இண்டைக்கு வீட்டில இருந்து பாக்கக் கூடியதுல ஆகத் திறமான படம் அதுல தான் இருக்கு. ஆனா கொழும்பில முக்கால்வாசி வீடுகள் அதுக்கு மாறாது, மாறத் தேவையும் இல்ல. மாறினா நல்லா இருக்கும் எண்டு சொல்லக் கூடிய கொஞ்ச வீடு இருக்கு, அந்த வீட்டுக்காரருக்காக நாங்க அதக் கொண்டு வாறத விடமாட்டம்.

ஏன் மாறாது எண்டு சொல்றன் எண்டா, அப்பா காலத்தில இருந்து இந்தக் கடையில நிண்டு பாத்தது தான். கெசட் வாடகைக்குக் குடுத்த காலம், பிறகு விசிடி, பிறகு டிவிடி. விசிடி எண்டா 352க்கு 288 புள்ளி, டிவிடி 720க்கு 576, கணக்குப் பாத்தா நாலு மடங்கு. ஆனா எங்கட சனம் டிவிடிக்கு மாறினது புள்ளிய எண்ணிப் பாத்தில்ல. விசிடியில ஒரு தமிழ்ப் படத்துக்கு ரெண்டு மூண்டு டிஸ்க், நல்ல கட்டத்தில எழும்பிப் போய் மாத்தோணும், டிவிடியில முழுப்படமும் ஒண்டுல, வேண்டின பாட்டுக்கு நேரா போகலாம், சப்டைட்டில் வேணுமெண்டா போடலாம் வேண்டாட்டி எடுக்கலாம். சுகத்துக்குத் தான் மாறினாங்க, படம் தெளிவா வந்தது அதோட சேந்து கிடைச்சது.

அதிலயும் ஒரு விசயம் இருக்கு. ஊர் முழுக்க ஓடினது ஒரிஜினல் டிவிடி இல்ல, ஒரே டிஸ்க்ல நாலு படம் அஞ்சு படம் எண்டு அடைச்ச கொப்பி. ஒரு லேயர் டிவிடியில 4.7 ஜிபி தான் கொள்ளும், அதுக்குள்ள ரெண்டரை மணித்தியாலப் படம் நாலு போட்டா ஒரு செக்கனுக்கு ஒரு மெகாபிட் அளவு டேட்டா தான் வரும், விசிடிக்கே 1.15 மெகாபிட் இருந்தது. அதாவது டிவிடி எண்டு பேர் போட்ட விசிடிய விட மோசமான படத்த பல வருசம் பாத்திருக்கிறம், அதப் பாத்துட்டு "டிவிடிக்கும் விசிடிக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லையே" எண்டு சொன்ன ஆக்கள் எத்தனை பேர். நல்ல டிவிடி என்ன மாதிரி இருக்கும் எண்டே தெரியாம டிவிடி காலம் முடிஞ்ச வீடு நிறைய இருக்கு, எனக்கு இண்டைக்கும் அது மனசில கிடக்கு.

பிறகு 2006ல ப்ளூரேயும் எச்டி டிவிடியும் ஒண்டுக்கொண்டு போட்டியா வந்ததுகள். ப்ளூரேக்கு சோனி பக்கம், எச்டி டிவிடிக்கு டொஷிபா பக்கம், படக் கொம்பனிகளும் ரெண்டாப் பிரிஞ்சு நிண்டதால ஒரு படம் இதுல வரும் மற்றது அதுல வரும். 2008 தை மாசம் வார்னர் ப்ளூரே பக்கம் சாய்ஞ்சுது, மாசி மாசமே டொஷிபா கைவிட்டுட்டு. எங்கட வாடிக்கையாளர் ஐயா ஒருத்தர் டுபாயில இருந்து ஆசையா எச்டி டிவிடி பிளேயர் கொண்டு வந்தவர், ஒரு வருசத்தில அதுக்குப் படம் தேடி என்னட்ட வந்து நிண்டார், குடுக்க ஒண்டும் இல்ல. அதப் பாத்த ஆக்கள் எல்லாம் "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" எண்டு இருந்துட்டாங்க, பொறுத்து இருக்கேக்கயே பென் டிரைவ் வந்துட்டு, படத்த அதுல ஏத்தி டீவியில குத்திப் பாக்கப் பழகிட்டாங்க. ப்ளூரே படம் டிவிடிய விட அஞ்சு மடங்கு புள்ளி, 1920க்கு 1080. ஆனா சுகத்தில கூடின ஒண்டும் அதுல இல்ல, எழும்பிப் போய் டிஸ்க் போடோணும், பிளேயர் ஏத்துற வரைக்கும் காத்துக்கொண்டு இருக்கோணும். எங்கட றாக்கையில ப்ளூரே எப்பவும் ஒரே ஒரு தட்டு தான், அதுக்கு மேல போனதே இல்ல.

4கே டிஸ்க் வந்தது 2016 தொடக்கத்தில. அதே வருசம் தை மாசம் தான் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாள்ல 130 நாட்டுக்குத் திறந்து விட்டது, இலங்கையும் அதுக்குள்ள. ஒரு பக்கம் சோபாவில இருந்தபடி ரிமோட்ட அமத்தினா படம், மற்றப் பக்கம் புது பிளேயர், புது டிஸ்க், வெளிநாட்டு விலை. சனம் எந்தப் பக்கம் போகும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

இப்ப உங்கட வீட்டுக் கதைக்கு வாறன். டீவியில இருந்து எவ்வளவு தூரத்தில இருந்து பாக்குறீங்க எண்டு முதல்ல ஒரு அளவு நாடா எடுத்து அளந்து பாருங்க. நல்ல கண் பார்வை இருக்கிற ஒரு ஆளுக்கு 43 இஞ்ச் டீவியில ப்ளூரே புள்ளி தனித்தனியாத் தெரியாமப் போறது கிட்டத்தட்ட அஞ்சரை அடியில, 55 இஞ்ச் எண்டா ஏழு அடியில. அதுக்கு அங்கால இருந்தா 4கேயில கூடி இருக்கிற புள்ளிய கண் பிரிச்சுப் பாக்காது. வெள்ளவத்தை ஃப்ளட்ஸ்ல ஹோல் எண்டா சோபா ஒரு சுவரோட, டீவி மற்றச் சுவரோட, நடுவில எட்டுப் பத்து அடி. 32 இஞ்ச் டீவிய எட்டு அடியில இருந்து பாக்குற வீட்டில நல்ல டிவிடியே தாராளமாக் காணும், அந்த வீட்டுக்கு 4கே பிளேயர் விக்க எனக்கு மனம் வராது.

"அப்ப 4கே டிஸ்க் எண்டது சும்மா பேருக்கா?" எண்டு கேப்பீங்க. இல்ல, அதுட பெறுமதி புள்ளியில இல்லாம வேற இடத்தில இருக்கு, கடையில மற்றவங்க அதச் சொல்றது குறைவு. ஒண்டு எச்டிஆர். வெளிச்சமான இடம் உண்மையிலயே வெளிச்சமா, இருட்டுக்குள்ள இருக்கிறதும் மறையாம, நிறம் 10 பிட்ல, அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிக்குப் பதிலா 1024 படி. பின்னேர வானம் கோடு கோடா உடையாம ஒரே சீரா மாறிப் போறத ஒருக்காப் பாத்துட்டா பழைய படி பாக்கக் கஷ்டம், இது பத்து அடி தள்ளி இருந்தாலும் தெரியும். ஆனா டீவிக்கும் அந்த வெளிச்சம் இருக்கோணும், ஆகக் குறைஞ்ச விலை 4கே டீவிகள் பெட்டியில எச்டிஆர் எண்டு போட்டிருக்கும், சிக்னல வாங்கும், காட்டுறதுக்குத் தேவையான வெளிச்சம் அதுல இராது.

மற்றது, ஒரு செக்கனுக்கு எவ்வளவு டேட்டா வருது எண்டது. நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்கு 15 மெகாபிட் லைன் கேக்குது, 100 ஜிபி டிஸ்க்ல இருந்து நூறு மெகாபிட்டுக்கு மேலயும் எடுக்கலாம். பகல்ல ரெண்டு பேர் இருந்து கதைக்கிற காட்சியில இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது. மழை, புகை, கடல், இரவுக் காட்சி, ஆயிரம் பேர் ஓடுற சண்டை, அங்க தான் ஸ்ட்ரீமிங் படம் கட்டம் கட்டமாக் கலங்கும், டிஸ்க்ல மழைத்துளி மழைத்துளியாவே நிக்கும். சத்தமும் அப்பிடித் தான், டிஸ்க்ல ஸ்டூடியோவில செய்த சத்தம் ஒண்டும் குறைக்காம வரும், ஆனா ரிசீவரும் ஸ்பீக்கரும் வச்சிருக்கிற ஆளுக்குத் தான் அதால பிரயோசனம்.

டேட்டா செலவையும் யோசிக்கோணும். 15 மெகாபிட் ஓடினா மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட 7 ஜிபி, ரெண்டரை மணித்தியாலப் படத்துக்கு 17 ஜிபி. மாசக் கணக்கு ஜிபி பெக்கேஜ் போட்ட வீட்டில நாலு சனிக்கிழமை படம் பாத்தா என்ன மிஞ்சும் எண்டு நீங்களே கூட்டிப் பாருங்க.

வெளிநாட்டில சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் இதக் கவனமா வாசிங்க. லண்டன்ல இருந்து மாமா அனுப்பின ப்ளூரே ஓடுதில்ல, டொரொண்டோவில இருந்து வந்தது ஓடுதில்ல எண்டு எத்தனை பேர் கொண்டு வந்து காட்டி இருக்கிறீங்க. ப்ளூரேக்கு ஏ, பி, சி எண்டு மூண்டு ரீஜன், கனடா ஏ, இங்கிலாந்து பி, இந்தியா சி, ரீஜன் பூட்டின டிஸ்க் மற்ற ரீஜன் பிளேயர்ல ஓடாது. 4கே டிஸ்க்கில அந்தப் பூட்டே இல்ல. எந்த நாட்டில வாங்கினாலும் எந்த நாட்டு 4கே பிளேயரிலயும் ஓடும். ஆனா அதே பெட்டிக்குள்ள சேத்துக் குடுக்கிற ப்ளூரே டிஸ்க்குக்கு ரீஜன் இருக்கலாம், அதப் போட்டுப் பாத்துட்டு பிளேயர் பழுது எண்டு நினைக்காதீங்க.

தமிழ்ப் படம் மட்டும் பாக்குற வீடு எண்டா வேண்டாம் எண்டே நேராச் சொல்றன். தமிழ்ப் படங்களுக்கு ஒரிஜினல் ப்ளூரே வந்ததே எண்ணிக்கையாத் தான், 4கே டிஸ்க் எண்டு தேடினா கை நிறையாது. தியேட்டர்ல வந்து நாலு கிழமையில படம் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஓடிடிக்குப் போயிடுது, காசும் அங்க இருந்து தான் வருது, பிறகு டிஸ்க் அடிக்க ஆர் காசு போடப் போறாங்க. இது எனக்கு உண்மையாவே கவலையான விசயம். ஓடிடியில இண்டைக்கு இருக்கிற படம் ஒப்பந்தம் முடிய நாளைக்கு இல்லாமப் போகுது, அப்பாட பிறந்த நாளைக்கு அவர் விரும்புற பழைய படத்தப் போட்டுக் காட்டோணும் எண்டு ஒரு தங்கச்சி வந்து கேட்டவ, எந்த ஓடிடியிலயும் இல்ல, கடைசியில எங்கட பழைய பெட்டிக்குள்ள கிடந்த ஒரு டிவிடியத் துடைச்சுக் குடுத்தம். அவ அதக் கையில வாங்கின விதத்த நான் மறக்க மாட்டன்.

பிளேயர் எடுக்கிறதெண்டா ஆறப்போடாதீங்க, ஏனெண்டா செய்யுற ஆக்கள் குறைஞ்சு கொண்டு போறாங்க. ஒப்போ 2018ல நிப்பாட்டிட்டு, சாம்சங் 2019ல அமெரிக்காவுக்குப் புது மொடல் விடுறத விட்டுட்டு, எல்ஜியும் 2024 முடிவோட விலகிட்டு. சோனியும் பனசொனிக்கும் நிக்கிறாங்க. பிள்ளைகள் வச்சிருக்கிற டிஸ்க் போடுற பிளேஸ்டேசன் 5 வீட்டில இருந்தா தனி பிளேயர் தேவையே இல்ல, அதுல 4கே டிஸ்க் ஓடும், டிஸ்க் போடுற எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸிலயும் ஓடும். பிளேஸ்டேசன் 4 ப்ரோவில ஓடாது, 4கே எண்டு விளம்பரம் பண்ணினதால நிறையப் பேர் ஏமாறினது இதுல தான். எச்டிஎம்ஐ வயரும் பழசைப் பாவிக்காதீங்க, டீவியில எந்த ஓட்டைக்குக் குத்துறீங்க எண்டதும் முக்கியம், சில டீவியில ஒரு ஓட்டை மட்டும் தான் முழு 4கே எடுக்கும்.

கலியாணக் கெசட்ட 4கேயில மாத்தித் தாங்க எண்டு கேக்குற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. கெசட்ல பதிஞ்சது அவ்வளவு தான், அத 4கே எண்டு பெரிய ஃபைலா மாத்திக் காசு வாங்கலாம், இல்லாத முகத்தக் கொண்டு வர ஏலாது. சாதாரணமா மாத்திக் குடுப்பம், பூஞ்சணம் பிடிக்க முதல் கொண்டு வாங்க, மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவங்க இன்னும் கெதியா, அந்த உப்புக் காத்து கெசட்டையும் விடாது பிளேயர் லென்ஸையும் விடாது.

சரி, கடையில நாங்க செய்யப் போறது என்னெண்டா, 4கே டிஸ்க் ஸ்டொக் வச்சு விக்க மாட்டம். ஸ்டொக் பண்ணினா தேங்குறதுக்கும் சேத்து உங்கட தலையில விலை ஏத்தோணும். வேணுமான படத்தச் சொல்லுங்க, பாதிக் காசு கட்டுங்க, எடுப்பிச்சுத் தாறம், எப்ப வரும் எண்டு சொல்லி அந்த நாளுக்கு வராட்டி காசத் திருப்பித் தருவம். போன வருசம் ஒரு சப்ளையர் இழுத்தடிச்சதால சில பேர் ரெண்டு மாசம் காத்திருந்தீங்க, அதுக்கு மன்னிப்புக் கேக்குறன், அவரிட்ட இப்ப எடுக்கிறதில்ல. டிவிடித் தட்டு அப்பிடியே இருக்கும், கேக்குற ஆக்கள் இருக்கும் வரைக்கும் அத எடுக்க மாட்டம்.

பிளேயர் வாங்க யோசிக்கிறவங்களுக்கு ஒரு பிளேயர ரெண்டு நாளைக்கு வீட்டுக்குத் தாறம், டிபொசிட் மட்டும் வைங்க, வாடகை இல்ல. உங்கட டீவியில, உங்கட சோபாவில இருந்து ஒரே படத்த ஓடிடியிலயும் டிஸ்க்லயும் மாத்தி மாத்திப் பாருங்க, வீட்டில அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்க. அவவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா வாங்குங்க, தெரியாட்டி பிளேயரக் கொண்டு வந்து தந்துட்டு டிபொசிட்ட வாங்கிட்டுப் போங்க, ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டம். ஒரு பிளேயர் தான் இருக்கு, அதால முதல்ல பேர் குடுக்கிறவங்களுக்கு முதல்ல. அந்த 55 இஞ்ச் டீவி அக்காட பேர் ஏற்கனவே எழுதிட்டன், வாற வெள்ளிக்கிழமை அவவிட்ட போகுது, ஞாயிறு பின்னேரத்துக்குப் பிறகு அடுத்த ஆள் எடுக்கலாம்.

அன்போட,
வெள்ளவத்தை கடையில இருந்து