பழைய கழுத்தும் புதிய கழுத்தும்: என்.எச்.எல். ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதை என்.எச்.எல். என்ற வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீகின் நிர்வாகத்துக்கு அல்லவா எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டக்காரர்கள் எதை அணிய வேண்டும் என்பதில் உங்கள் சம்மதம் இல்லாமல் விதி மாறாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கழுத்துக் காப்பு விஷயத்தில் அந்தச் சம்மதத்தை நீங்கள் பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள். 2025 ஜூலையில் முடிவான ஒப்பந்தப்படி, 2026-27 பருவத்திலிருந்து கழுத்துக் காப்பு கட்டாயம். ஆனால் அதுவரை லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் விரும்பினால் அணியலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

இந்தப் பணிமூப்புக் கணக்கு, பனியில் சறுக்கும் காலணியின் அடியில் இருக்கும் ஸ்கேட் பிளேடுக்குத் தெரியுமா?

என் மகன் சிறுவர் அணியில் ஆடுகிறான். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய ஸ்கேட்டைத் துடைத்து வைப்பது என் வேலை. ஈரம் தங்கினால் துருப்பிடித்துவிடும். பிளேடின் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவுதான். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் நடுவில் நீளவாக்கில் ஓடும் பள்ளம் தெரிந்தது. சாணைக்கல் வேண்டுமென்றே குடைந்தெடுத்த பள்ளம். அதன் இரு கரைகளும் இரண்டு கத்தி விளிம்புகள். சாணை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க விளிம்பின் குறுக்கே நகத்தை இழுப்பார்கள். நகம் மாவு மாவாக உதிரும். ஒரு நாள் அவசரத்தில் துண்டைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன். கிழிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கையில் பார்த்தால் இரண்டு துண்டுகள்.

அந்த விளிம்புதான் திருப்பத்தில் பனியைக் கவ்வுகிறது. அது மழுங்கினால் ஆட்டமே கிடையாது. ஆகவே பிளேடை நொந்து பயனில்லை, தோலைத்தான் மூட வேண்டும்.

உங்கள் மூத்த உறுப்பினர்கள் யாரும் 1989 மார்ச் 22ஆம் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். பஃபலோ அணியின் கோல் காப்பாளர் கிளின்ட் மலார்ச்சக். கோல் வலைக்கு முன்னால் ஒரு மோதல், எதிரணி ஆட்டக்காரரின் கால் எழும்பியது, கழுத்து திறந்துகொண்டது. பனியில் ரத்தம் பீறிட்டது. அணியின் உடல்நலப் பயிற்சியாளர் ஜிம் பிஸ்ஸுடெல்லி வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். அவர் ஓடிவந்து வெட்டுவாயை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டார். அம்மா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார், பனித்தளத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் மலார்ச்சக்கின் நினைப்பாக இருந்தது. சுமார் 300 தையல்கள் போட்டார்கள். பிழைத்தார்.

2008 பிப்ரவரியில் அதே பஃபலோ நகரில் ஃபுளோரிடா அணியின் ரிச்சர்ட் ஸெட்னிக்கின் கழுத்துத் தமனி அறுபட்டது. அறுத்தது சொந்த அணிக்காரரின் பிளேடு. அந்த ஆட்டக்காரர் நிலைகுலைந்து தலைகீழாக விழுந்தபோது கால் மேலே வந்தது, அவ்வளவுதான். கழுத்தைப் பொத்திக்கொண்டு தானாகவே பெஞ்சை நோக்கிச் சறுக்கி வந்த ஸெட்னிக்கும் பிழைத்தார். இந்த இருவரும் உயிர் பிழைத்ததே நம் எல்லோரையும் அலட்சியமாக்கிக் கெடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நாட்டிங்ஹாம் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது அதேபோல் கழுத்து வெட்டுப்பட்ட ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை. வயது 29. அதற்கு முன் பிட்ஸ்பர்க் அணிக்காக உங்கள் லீகில் 13 ஆட்டங்கள் ஆடியவர். இன்று அவர் உயிரோடு திரும்பி வந்து உங்கள் லீகில் ஆடினால், உங்கள் ஒப்பந்தப்படி அவருக்குக் கழுத்துக் காப்பு கட்டாயமில்லை. 13 ஆட்டங்கள் ஆடியவர் பழையவர் ஆயிற்றே!

இந்த ஒரு வரியை நீங்கள் கூடிப் பேசும் அறையில் யாராவது உரக்கச் சொன்னார்களா?

அரிக்கிறது, வியர்க்கிறது, தலையைத் திருப்ப முடியவில்லை என்று சொல்வது பொய்யில்லை. பழைய பட்டைகள் அப்படித்தான் இருந்தன. இப்போது வெட்டைத் தாங்கும் இழைகளில் நெய்து, உள்சட்டையின் கழுத்தோடு சேர்த்தே தைத்துவிடுகிறார்கள். தவிர, உங்களில் பலர் ஏற்கெனவே அணிந்து ஆடியவர்கள்தான். ஜான்சன் இறந்த பிறகு சர்வதேசப் பனி ஹாக்கிச் சம்மேளனம் தன் போட்டிகள் அனைத்திலும் அதைக் கட்டாயமாக்கியது. உங்கள் உறுப்பினர்கள் மே மாதம் உலகச் சாம்பியன் போட்டியில் கழுத்தை மூடிக்கொண்டு ஆடிவிட்டு, அக்டோபரில் திறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏ.எச்.எல். 2024-25 பருவத்திலேயே கட்டாயமாக்கிவிட்டது. முன்பே உங்கள் லீகில் ஓர் ஆட்டமாவது ஆடியிருந்து, அங்கிருந்து மேலே அழைக்கப்படும் ஒருவர் சம்பளத்தோடு சேர்த்து ஆபத்தையும் ஏற்றிக்கொள்கிறார். வேறு எந்தத் தொழிற்சங்கமாவது இதைப் பதவி உயர்வின் சலுகை என்று கேட்டு வாங்குமா?

ஹெல்மெட்டுக்கும் இதே வழியைத்தான் பிடித்தீர்கள். 1979இல் புதியவர்களுக்குக் கட்டாயம் என்றீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி மனிதரான கிரெய்க் மக்டேவிஷ் ஓய்வுபெற்றது 1997இல். 18 ஆண்டுகள்! கண்காப்புக்கும் 2013இல் அதே கதை: 26 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவர்களுக்கு மட்டும் விதி. ஒவ்வொரு முறையும் சாகசம் செய்ய ஒரு தலைமுறைக்கு அவகாசம்.

காப்பு அணிந்தால் வெட்டே விழாது என்று நான் சொல்லவில்லை. அது வெட்டைத் தடுத்து நிறுத்தும் என்பதைவிட, ஆழத்தைக் குறைக்கும் என்பதே நேர்மையான பேச்சு. கழுத்தில் அந்தச் சில மில்லிமீட்டர்தான் எல்லாம். மணிக்கட்டும் குதிகால் நாணும் தனிக் கதை. 2013இல் எரிக் கார்ல்சனின் குதிகால் நாண் முக்கால்வாசி அறுபட்டதையும், 2022இல் எவாண்டர் கேனின் மணிக்கட்டு வெட்டுப்பட்டதையும் உங்கள் கண்முன் பார்த்தீர்கள்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவரை காத்திருக்க வேண்டாம். "புதியவர்களுக்கு மட்டும்" என்ற வரியை நீக்கச் சம்மதம் என்று லீகுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். அதுவரை, உடைமாற்றும் அறையில் பத்தொன்பது வயதுப் பையன் விதிப்படி கழுத்தை மூடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கையில் இருக்கும் அணித்தலைவர் என்ன அணிந்திருக்கிறார் என்பதை அவன் பார்ப்பான். அதே ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து என் மகனும் பார்ப்பான்.

இப்படிக்கு,
ஸ்கேட் துடைக்கும் ஒரு தகப்பன்