28 பெட்டிகளில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவராத்திரியின்போது கோவையில் ஒரு கொலுக் கண்காட்சி வாசலில் ரகசிய மரப்பெட்டிகள் விற்றோம், பலகைகளைச் சரியான வரிசையில் நகர்த்தினால் மட்டுமே திறக்கும் புதிர்ப் பெட்டிகள். ஒன்று 900 ரூபாய், மொத்தம் 28. வந்த 25,200 ரூபாயும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்குக் காலையில் கஞ்சி கொடுக்கும் ஒரு குழுவுக்குப் போனது. பெட்டிகளைச் செய்தவன் நான். அவற்றில் பல இப்போது திறக்காது. வாங்கியவர்களுக்கு வழி பிடிபடாததால் அல்ல, பெட்டியே இறுகிவிட்டதால். யார் வாங்கினார்கள் என்று எழுதி வைக்கவில்லை. அதனால்தான் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்.

நான் பவுண்டரியில் 34 வருடம் பேட்டர்ன் வேலை பார்த்தவன். பம்புக்கு இரும்பு வார்ப்பதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கும் வேலை. ஒருமுறை முதலாளி ஜப்பானுக்கு மெஷின் பார்க்கப் போய்த் திரும்பியபோது ஹகோனே ஊர்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பூட்டு இல்லை, கீல் இல்லை, மூடி எது என்றே தெரியாது. பல நிற மரங்களை ஒட்டிக் காகிதம்போல் சீவியெடுத்த தகட்டை மேலே ஒட்டியிருந்தார்கள். அந்த ஊர்ப் பெட்டிகளில் 4 அசைவில் திறப்பதும் உண்டு, 70-ஐத் தாண்டுவதும் உண்டு. இது 7 அசைவு. பக்கப் பலகையைக் கொஞ்சம் இறக்கினால்தான் முன்பலகை நகரும், அது நகர்ந்தால்தான் மறுபக்கம் இறங்கும், கடைசியில்தான் மேல்பலகை வழிவிடும். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நானே செய்ய ஆரம்பித்தேன். என் பெட்டிக்கு 10 அசைவு. பலகை விளிம்பின் நாக்குக்கும் அது ஓடும் பள்ளமான காடிக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டை நுழையும் இடைவெளிதான் விடுவேன். முதலில் செய்தவை பழைய பேட்டர்ன் கட்டைகளில். நன்றாக ஆறிய தேக்கு, இன்றும் வெண்ணெய்போல் ஓடுகின்றன. இந்த 28-க்குப் பழைய கட்டை போதவில்லை. சித்திரை வெயிலில் மர டெப்போவில் வாங்கிய பலகையில் செய்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் மரம் ஈரம் குடித்து ஊதிவிட்டது. நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, குறுக்கேதான் ஊதும். 4 அங்குல அகலப் பலகை அரை மில்லி ஊதினாலே அஞ்சலட்டை இடைவெளி எங்கே நிற்கும்? வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்கும் என்று 34 வருடம் கணக்குப் போட்டவன், மரத்துக்குக் கணக்குப் போட மறந்தேன்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா. "ஏனுங்க, பத்து நாளாப் பாக்கறேன், எனக்குத்தான் புத்தி பத்தலீங்களா?" என்றார். வாங்கிப் பார்த்தால் இரண்டாவது அசைவிலேயே கல்லாக நிற்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்னொரு வீட்டில் பையன் திருப்புளியை விட்டு நெம்பி மூலையைப் பெயர்த்துவிட்டான். அவனைத் திட்ட வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன்.

விற்பனையில் உதவியவர்களிடம் சொன்னேன். "தர்மத்துக்குக் கொடுத்த காசு, யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க, விடுங்க" என்றார்கள். கேட்க மாட்டார்கள்தான், எனக்கு உறுத்துவதும் அதுதான். கடையில் வாங்கியிருந்தால் மறுநாளே கொண்டுவந்து போட்டிருப்பார்கள். நல்ல காரியம் என்பதால் தன் புத்தியைக் குறை சொல்லிக்கொண்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். விடையே இல்லாத புதிரை விற்பது கள்ளத் தராசுக்குச் சமம். கஞ்சிக்குப் போன காசு என்றால் மட்டும் தராசு நேராகிவிடுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் அடியில் 1 முதல் 28 வரை பென்சிலில் எண் இருக்கும். பெட்டி அசையவில்லை என்றால் நெம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் விடவே வேண்டாம், இன்னும் பிடித்துக்கொள்ளும். வெயிலிலும் வைக்காதீர்கள், பலகை வளைந்துவிடும். மழை விட்டதும் ஈரமில்லாத பீரோவில் வையுங்கள். தை பிறந்து காற்று உலர்ந்தால் பல தானே இளகிவிடும். காத்திருக்க முடியாதவர்கள் என்னிடம் கொண்டுவரலாம், காடியைச் சீவி, மெழுகுவத்தி தேய்த்துத் தருகிறேன். செலவு என்னுடையது. உடைந்திருந்தால் பழைய கட்டையில் புதிதாகவே செய்து தருவேன், கொஞ்சம் நாளாகும். என் முகவரி தங்களிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், போன வாரம் டீக்கடையில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "மூணு வாரமா மல்லுக்கட்டறேன், வழியைச் சொல்லிடாதீங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இதைப் படித்தால், பெட்டியை முதலில் என்னிடம் கொண்டுவரட்டும். காடியை மட்டும் சீவித் தருகிறேன். வழியைச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் தச்சர்,
கணபதி, கோவை.